ராமானுஜனை வாட்டிய காய்ச்சலுக்குப் பெயர் என்ன? குழந்தையின் இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று இன்று எத்தனை மணி நேரத்தில் தெரியும்?

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு சின்ன ஓட்டு வீடு இருக்கிறது. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் கணக்குப் படித்தவர்கள் தேடி வந்து பார்த்துவிட்டுப் போகும் வீடு. கணித மேதை சீனிவாச ராமானுஜன் வளர்ந்தது இங்கேதான்.

பூஜ்ஜியம், முடிவிலி, 1729 என்று ராமானுஜனைப் பற்றி நமக்கு நிறைய கதைகள் தெரியும். ஆனால் அவர் வாழ்க்கையில் இன்னொரு கதையும் ஓடிக்கொண்டே இருந்தது. அது காய்ச்சலின் கதை. பிறந்த வீட்டில் தம்பிகளையும் தங்கையையும் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தவர். கடைசியில் 32 வயதில், என்ன நோய் என்றே உறுதியாகத் தெரியாமல் இறந்துபோனவர்.

இதை இப்போது ஏன் பேச வேண்டும்? குழந்தைக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், ப்ளட் டெஸ்ட் எடுக்கணும் என்கிறார்கள். ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆகும் என்றும் சொல்கிறார்கள். அந்த ரெண்டு நாள் ஏன்? அதுவரை என்ன செய்வது? ராமானுஜனின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும்.

அம்மையில் பிழைத்த குழந்தை

1887 டிசம்பர் 22 அன்று, அம்மா கோமளத்தம்மாளின் தாய்வீடு இருந்த ஈரோட்டில் ராமானுஜன் பிறந்தார். அப்பா சீனிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்குப்பிள்ளை. மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய்.

ராமானுஜனுக்கு ஒன்றரை வயது ஆனபோது சடகோபன் என்று ஒரு தம்பி பிறந்தான். மூன்று மாதம்கூட நிறையவில்லை, குழந்தை இறந்துவிட்டது. 1889 டிசம்பரில் ராமானுஜனுக்கே பெரியம்மை வந்தது. அந்தக் காலகட்டத்தில் தஞ்சாவூர் மாவட்டத்தில் பெரியம்மை ஆயிரக்கணக்கானவர்களின் உயிரைக் குடித்தது. ராமானுஜன் பிழைத்துக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. 1891லும் 1894லும் அந்த வீட்டில் இன்னும் இரண்டு குழந்தைகள் பிறந்தன. இரண்டுமே முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அதன் பிறகு பிறந்த இரண்டு தம்பிகள்தான் பிழைத்து வளர்ந்தார்கள்.

இது அந்த ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. காவிரி டெல்டாவில் அப்போது இது வீட்டுக்கு வீடு நடந்தது. ஆறு, வாய்க்கால், குளம் என்று தண்ணீருக்குக் குறைவில்லாத ஊர். ஆனால் குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர், மாடு குளிப்பாட்டுகிற தண்ணீர் எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. குழந்தை சுருண்டு படுக்கும், பால் குடிக்காது, உடம்பு கொதிக்கும் அல்லது சில்லிட்டுப் போகும். இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும். காரணம் கேட்டால் காய்ச்சல் என்பார்கள். அந்தக் காய்ச்சலுக்குள் என்ன கிருமி இருந்தது என்று பார்க்க அந்த ஊரில் வழி எதுவும் இல்லை.

இரத்தத்தில் கிருமி கலப்பது என்றால் என்ன?

இரத்தம் பொதுவாகக் கிருமி இல்லாத இடம். நுரையீரலிலோ, சிறுநீர்ப் பாதையிலோ, குடலிலோ, பச்சிளம் குழந்தை என்றால் தொப்புள் வழியாகவோ பாக்டீரியா உள்ளே நுழைந்து இரத்தத்தில் பரவலாம். அதை எதிர்த்து உடம்பு கட்டுமீறிப் போராடும்போது உறுப்புகளே பாதிக்கப்படும். இந்த நிலைக்குப் பெயர்தான் செப்சிஸ்.

2020ல் லான்செட் இதழில் வந்த மதிப்பீட்டின்படி, 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க சுமார் 4.9 கோடி பேருக்கு செப்சிஸ் வந்தது, 1.1 கோடி பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 2 கோடி பேர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அதாவது ராமானுஜனின் தம்பிகள் காலத்துப் பிரச்சினை இன்னும் முழுசாகப் போகவில்லை.

திண்ணையிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்த ராமானுஜனுக்கு, பள்ளி நாட்களின் கடைசியில் ஜி.எஸ். கார் என்பவர் தொகுத்த கணிதப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், விளக்கம் ரொம்பக் கம்மி. மற்ற மாணவர்களுக்குத் தலைவலி, ராமானுஜனுக்குப் பொக்கிஷம்.

1904ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு பாடத்தில் கவனம் போகவில்லை, உதவித்தொகை பறிபோனது. 1906ல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார். அங்கேயும் அதே கதைதான். கூடவே உடம்பும் படுத்தியது. வயிற்றுக்கடுப்பு வந்து ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. இந்த வயிற்றுக்கடுப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் கடைசியில் திரும்ப வரும்.

1909ல் ஜானகியோடு திருமணம். அடுத்து ஹைட்ரோசீல் எனப்படும் நீர்க்கோப்பு வந்தது. அறுவைச் சிகிச்சைக்குக் குடும்பத்தில் காசு இல்லை. 1910 ஜனவரியில் ஒரு டாக்டர் கட்டணம் வாங்காமலே செய்து கொடுத்தார்.

1912ல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கிளார்க் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி.எச். ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பல் ஏறினார்.

பெயர் இல்லாத காய்ச்சல்

லண்டனில் போய் இறங்கிய சில மாதங்களில் முதல் உலகப்போர் தொடங்கிவிட்டது. குளிர், தனிமை, சைவச் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு. ராமானுஜன் தானே சமைத்துச் சாப்பிட்டார், நேரம் காலம் பார்க்காமல் வேலை செய்தார்.

1917ல் படுத்தார். வயிற்றுவலி, விட்டு விட்டு வரும் காய்ச்சல், எடை குறைவு. ராத்திரியில் காய்ச்சல் ஏறும், பிறகு இறங்கும். மருத்துவமனை, சானடோரியம் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார்.

டாக்டர்கள் என்ன சொன்னார்கள்? முதலில் வயிற்றுப்புண். பிறகு காசநோய். ஊரில் நடந்த அறுவைச் சிகிச்சையைப் பற்றித் தெரிந்த ஒரு நிபுணர், புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருக்குமோ என்று சந்தேகப்பட்டார். எதுவும் ஊர்ஜிதமாகவில்லை.

இந்த நிலையில்தான் 1918ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோவாகவும் தேர்வானார். புட்னியில் சிகிச்சையில் இருந்தவரைப் பார்க்க ஹார்டி வந்த டாக்ஸியின் எண்தான் 1729. அந்தக் கதையை ரசிக்கும்போது, அது ஒரு நோயாளியின் படுக்கை அருகே நடந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

1918 இறுதியில் ஹார்டி சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். காசநோய் என்பது உறுதிப்படவே இல்லை என்றும், எங்கிருந்தோ இரத்தத்தில் நச்சு கலந்திருக்கலாம் என்று டாக்டர்கள் இப்போது நினைக்கிறார்கள் என்றும், அது அடங்கிவிட்டதால் குணமாகிவிடுவார் என்ற நம்பிக்கை இருக்கிறது என்றும் அதில் தெரிவித்தார்.

அதாவது, இரத்தத்தில் கிருமி கலந்துவிட்டதா என்ற இன்றைய அதே கேள்விதான். அன்று அதற்கு உறுதியான பதில் வரவில்லை. பென்சிலின் கண்டுபிடிக்கப்படவே இன்னும் 10 வருடம் இருந்தது.

இன்று எவ்வளவு நேரத்தில் தெரியும்?

இப்போது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முக்கியமான பரிசோதனை ப்ளட் கல்ச்சர். இது எப்படி வேலை செய்கிறது?

குழந்தையின் இரத்தத்தை எடுத்து, கிருமி வளரத் தேவையான சத்துள்ள திரவம் நிரம்பிய பாட்டிலில் விடுவார்கள். பாட்டில் உடல் வெப்பநிலையில் ஒரு மெஷினுக்குள் இருக்கும். உள்ளே பாக்டீரியா இருந்தால் அது பெருகும், கரியமில வாயுவை வெளியிடும். மெஷின் சில நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும். மாற்றம் தெரிந்த உடனே சத்தம் கொடுக்கும்.

நாற்றங்காலில் விதை விடுவது போலத்தான். விதைத்த உடனே முளை தெரியாது, அதற்கான நேரம் ஆகத்தான் செய்யும். அந்த நேரம் எவ்வளவு?

90 நாளுக்கு உட்பட்ட, காய்ச்சல் வந்த குழந்தைகளை வைத்து அமெரிக்க மருத்துவமனைகளில் செய்யப்பட்ட ஒரு பெரிய ஆய்வு 2014ல் வெளியானது. உண்மையான நோய்க்கிருமி இருந்த பாட்டில்களில் 91 சதவிகிதம் 24 மணி நேரத்துக்குள்ளேயே காட்டிவிட்டன. 36 மணி நேரத்தில் 96 சதவிகிதம். 48 மணி நேரத்தில் 99 சதவிகிதம். சராசரி நேரம் சுமார் 15 மணி.

டாக்டர்கள் ஒன்றரை நாள், ரெண்டு நாள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அதற்குள் எதுவும் வளரவில்லை, குழந்தையும் நன்றாக இருக்கிறது என்றால், பல சமயம் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துவது பற்றி யோசிப்பார்கள். ஆனாலும் பாட்டிலை வழக்கமாக 5 நாள் வரை மெஷினில் வைத்திருப்பார்கள். மெதுவாக வளரும் கிருமி தப்பிவிடக் கூடாது இல்லையா?

கிருமி இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்து அது எது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க வேண்டும். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் முதல் தகவல் சீக்கிரமே வந்துவிடும். எந்த மருந்து கேட்கும் என்ற ரிப்போர்ட்டுக்கு இன்னும் ஒன்றிரண்டு நாள் ஆகலாம். டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2016ல் வெளியானபோது, பல கிருமிகள் ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கு மசியாமல் இருந்தது தெரியவந்தது. அதனால் இந்த ரிப்போர்ட்டைச் சும்மா சம்பிரதாயமாக நினைத்துவிடக் கூடாது.

சி.ஆர்.பி. டெஸ்ட் அன்றைக்கே வந்துவிடுகிறதே?

வரும். ஆனால் அது கிருமியைக் காட்டும் டெஸ்ட் இல்லை. உடம்பு எவ்வளவு கொதித்துப் போயிருக்கிறது என்பதை மட்டும் காட்டும். நோய் தொடங்கி சுமார் 6 மணி நேரத்துக்குப் பிறகுதான் சி.ஆர்.பி. ஏற ஆரம்பிக்கும், உச்சத்தைத் தொட ஒன்றரை நாள், ரெண்டு நாள் ஆகும். புரோகால்சிட்டோனின் என்ற இன்னொரு அளவு கொஞ்சம் முந்திக்கொண்டு, 2 முதல் 4 மணி நேரத்தில் ஏறத் தொடங்கும். காய்ச்சல் வந்த உடனே எடுத்த டெஸ்ட் நார்மலாக இருந்தால், கிருமியே இல்லை என்று அர்த்தம் இல்லை. மறுநாள் திரும்ப எடுக்கச் சொல்வது இதனால்தான்.

டைபாய்டுக்கு நம் ஊரில் அதிகம் எடுக்கும் வைடால் டெஸ்ட்டுக்கும் இதே மாதிரி ஒரு எல்லை உண்டு. அது கிருமியைத் தேடாது, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடும். அது உருவாகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். பழைய நோயாலும் பாசிட்டிவ் காட்டலாம். முதல் வாரத்தில் ப்ளட் கல்ச்சர்தான் மேல். அதுவும்கூட டைபாய்டில் ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் கிருமியைப் பிடிக்கும்.

ரிசல்ட்டைக் கெடுப்பது எது?

மூன்று விஷயங்கள். ஒன்று, இரத்தம் போதாமல் போவது. பச்சிளம் குழந்தைக்குக் குறைந்தது 1 மில்லியாவது வேண்டும். இவ்வளவு இரத்தமா என்று பதறி நாம் தடுத்தால், உள்ளே இருக்கும் ஒன்றிரண்டு கிருமிகள் பாட்டிலுக்கு வராமலே போய்விடும்.

இரண்டு, தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமி ஊசி வழியாகப் பாட்டிலுக்குள் போய்விடுவது. அதனால்தான் கையைத் துடைத்துக் காயவிட்டு ஊசி போடுகிறார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். டெஸ்ட்டுக்கு முன்பே ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிடுவது. பெரியவர்களிடம் நடந்து 2019ல் வெளியான ஓர் ஆய்வில், மருந்துக்கு முன் எடுத்த கல்ச்சரில் 31 சதவிகிதம் பாசிட்டிவ் வந்தது. மருந்து தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்ததில் அது 19 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சிரப், போன தடவை மிச்சம் இருந்த மாத்திரை எல்லாம் இதில் அடக்கம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ரிசல்ட் வரும் வரை மருந்து கிடையாதா?

அப்படி இல்லை. செப்சிஸ் என்று வலுவான சந்தேகம் வந்தால் டாக்டர்கள் காத்திருக்க மாட்டார்கள். குழந்தைகளுக்கான 2020ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல்படி, இரத்த ஓட்டம் குறைந்து அதிர்ச்சி நிலையில் இருக்கும் குழந்தைக்கு 1 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். அதிர்ச்சி நிலை இல்லாவிட்டாலும் 3 மணி நேரத்துக்குள். முதலில் இரத்தம் எடுப்பது, உடனே மருந்து, ரிசல்ட் வந்ததும் மருந்தை மாற்றுவது அல்லது நிறுத்துவது. வரிசை இதுதான்.

காவிரிக் கரையில் கடைசி நாட்கள்

1919 மார்ச்சில் ராமானுஜன் கப்பலில் ஊர் திரும்பினார். காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் சில காலம், பிறகு அதே காவிரி ஓடும் கும்பகோணத்தில் சில காலம். ஊர்க் காற்றும் வீட்டுச் சாப்பாடும் உடம்பைத் தேற்றும் என்று எல்லோரும் நம்பினார்கள். தேறவில்லை. காசநோய் என்றே சிகிச்சை தொடர்ந்தது.

கடைசியில் சென்னை சேத்துப்பட்டுக்குக் கூட்டிப் போனார்கள். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், மாக் தீட்டா சார்புகள் என்ற புதிய கண்டுபிடிப்பைப் பற்றிச் சொன்னார். உடம்பு எலும்பும் தோலுமாகிவிட்டது, வலி தாங்க முடியவில்லை. அப்போதும் ஜானகி பக்கத்தில் இருக்க, கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். 1920 ஏப்ரல் 26 அன்று உயிர் பிரிந்தது.

1994ல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை எல்லாம் அலசி ஒரு முடிவுக்கு வந்தார். ராமானுஜனுக்கு இருந்தது பெரும்பாலும் காசநோய் இல்லை, அமீபா கிருமி கல்லீரலைத் தாக்கியதுதான் என்றார். இளம் வயதில் வந்ததே அந்த வயிற்றுக்கடுப்பு, அதன் மிச்சம்தான் ஆண்டுக்கணக்கில் உடம்பில் தங்கி இப்படிக் கிளம்பியிருக்கும் என்பது அவர் வாதம். முடிந்துபோன ஒரு வாழ்க்கையைக் காகிதங்களை வைத்து ஆராய்ந்து சொன்ன முடிவு இது. ஆனாலும் இன்று பலரும் ஏற்றுக்கொள்ளும் விளக்கம் இதுதான். அவர் மனைவி ஜானகி அம்மாள் காலமானதும் அதே 1994ல்தான்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அமீபா பாக்டீரியா இல்லை. ப்ளட் கல்ச்சர் பாட்டிலில் அது வளராது. அதாவது, இன்றைய நவீன மெஷினை 1918க்கே கொண்டு போயிருந்தாலும், அது ஒன்று மட்டும் ராமானுஜனைக் காப்பாற்றியிருக்காது. ஸ்கேனும் சரியான கேள்விகளும் வேண்டும். டெல்டாவில் மழைக்காலத்தில் வரும் எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் கிருமிகளும் சாதாரண கல்ச்சரில் வளராது, அவற்றுக்குத் தனி டெஸ்ட் உண்டு. அதனால் நெகட்டிவ் என்று வந்த பிறகும் காய்ச்சல் விடவில்லை என்றால், திரும்பப் போய்க் காட்ட வேண்டும். குழந்தைக்கு முன்பு என்ன நோய் வந்தது, எந்தத் தண்ணீர் குடித்தது, வயலில், சேற்றில் விளையாடியதா என்பதை எல்லாம் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

* 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். உடம்பு வழக்கத்துக்கு மாறாகச் சில்லிட்டாலும் இதே அவசரம்தான்.
* பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடப்பது.
* மூச்சு வேகம். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 1 வயது வரை 50, 5 வயது வரை 40.
* வலிப்பு, கை கால் சில்லிடுதல், தோலில் திட்டுத் திட்டாக நிறமாற்றம், பல மணி நேரம் சிறுநீர் போகாமல் இருப்பது.

இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். அருகில் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு 108ஐ அழைத்துப் போங்கள். டெல்டா மக்களுக்குத் தஞ்சாவூரில் தாய் சேய் சிகிச்சைக்கு என்றே பெயர் பெற்ற ராசா மிராசுதார் மருத்துவமனை இருக்கிறது.

சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டுக்கு அடுத்த முறை போனால், அந்தத் திண்ணையில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். அந்த வீட்டில் ஒரு பிள்ளை பிழைத்ததால் உலகத்துக்கு ஒரு ராமானுஜன் கிடைத்தார். பிழைக்காமல் போன மூன்று பிள்ளைகள் என்னவாகி இருப்பார்கள்? அவர்களுக்குக் கிடைக்காத அந்த 36 மணி நேரப் பதில், இன்று நம் வீட்டுக் குழந்தைக்குக் கிடைக்கிறது. நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியது மட்டும்தான் நம் வேலை.